மூன்று ஓலைக்குள் ஒரு கோட்டை

வீடியோ கேம் ஆட ஆரம்பித்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. இத்தனை அனுபவத்தில் நான் கற்றுக்கொண்டது ஒன்றுதான். ஆட்டம் தொடங்கும்போது சுலபமா, நடுத்தரமா, கடினமா என்று கேட்டால், யாரும் பார்க்காதபோது சுலபத்தை அமுக்க வேண்டும். யாராவது பார்த்துக்கொண்டிருந்தால் நடுத்தரம். கடினத்தை அமுக்குகிறவர்கள் வேறு இனம். கல்யாணப் பந்தியில் பாயசம் வேண்டாம் என்று இலைக்கு மேல் கையை விரிக்கிறவர்களும் அவர்களும் ஒன்று. நான் அவர்களை மதிக்கிறேன், ஆனால் பக்கத்தில் உட்காரமாட்டேன்.

கேம் ஆடினால் கொலைவெறி வரும் என்று டிவியில் உட்கார்ந்து பேசுகிறார்கள். நான் திரையில் சுட்டுத் தள்ளியவர்களை ஓர் ஊராகக் குடிவைத்தால் வேப்பூரைவிடப் பெரிதாக வரும். ஆனாலும் வீட்டில் கரப்பான் பூச்சி வந்தால் கட்டில் மேல் ஏறிக்கொள்கிறவன் நான்தான். செருப்பால் அடிக்கிறவர் அம்மா. அம்மா வாழ்க்கையில் ஒரு கேமும் ஆடியதில்லை.

கேம் கொண்டுவருவது வெறியை அல்ல. பதற்றத்தை. அதை நான் முழுசாக அனுபவித்தது, எங்கள் அக்காவின் கல்யாணத்துக்குக் கோவிலில் ஓலை படித்த நாட்களில். இதில் வெட்கக்கேடு, ஆடியது நான்கூட இல்லை.

இரண்டாயிரம் பிறந்து சில வருஷம் ஆகியிருந்தது. விருத்தாசலத்தில் நான் பாலிடெக்னிக் முடித்துவிட்டு வேலைக்குக் காத்துக்கொண்டிருந்தேன். காத்துக்கொண்டிருந்தேன் என்பது அம்மா வெளியில் சொல்லும் வார்த்தை. அப்பா வேறு வார்த்தை வைத்திருந்தார். படிப்புக்கு என்று சொல்லி வாங்கிய பழைய கம்ப்யூட்டர் ஒன்று பின்னறையில் இருந்தது. அதில் நான் படித்ததாக எனக்கும் நினைவில்லை, அதற்கும் நினைவிருக்காது.

பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு கடையில் வாங்கிய சி.டி. அட்டையில் ஒரு படம், உள்ளே வேறு ஆட்டம். கையில் விளக்கோடு ஓர் ஆள் இடிந்த கோட்டை ஒன்றில் வாசல் வாசலாக ஏறிப் போகிறான். ஒவ்வொரு வாசலிலும் ஒரு காவல்காரன். அவனை அடித்துவிட்டு உள்ளே போனால் ஒரு கிணறு. அந்தக் கிணற்றில் தண்ணீர் குடித்தால்தான் அதுவரை ஆடியது பதிவாகும். நடுவில் எங்கேயும் பதிவு செய்ய முடியாது. கரண்டு போனால் பழைய கிணற்றடிக்கே திரும்பிப் போய் நிற்க வேண்டும். இப்படிக் கிணறுகளைத் தூரத் தூர வெட்டிவைத்தவர்கள் கரண்டே போகாத ஊரில் பிறந்தவர்கள் என்பது என் தீர்மானமான கருத்து. போதாக்குறைக்கு அந்தத் திருட்டு சி.டி.யில் இன்னொரு கோளாறு. நடுவில் நிறுத்திவைக்கும் பொத்தானை அமுக்கினால் கம்ப்யூட்டரே உறைந்து போகும். எனவே ஒன்றுக்கு வந்தாலும் அடக்கிக்கொண்டுதான் ஆட வேண்டும்.

நான் மூன்றாவது வாசலிலேயே முட்டிக்கொண்டு கிடந்தேன். அக்கா பின்னால் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள்.

"டே, அந்தாளு ஏன்டா செவுத்துலயே போயி போயி முட்டிக்கிறான்?"

"வழி தேடுறான்."

"வழி தலைக்கு மேல இருக்குது. கயிறு தொங்குது பாரு."

ஆடுகிறவன் நாற்காலிக்குப் பின்னால் இருந்து யோசனை சொல்கிறவர்களை எனக்குப் பிடிக்காது. சொன்ன யோசனை சரியாக இருந்துவிட்டால் சுத்தமாகப் பிடிக்காது. கயிறு தொங்கிக்கொண்டுதான் இருந்தது. "அவ்ளோ தெரிஞ்சா நீயே ஆடேன்" என்று எழுந்தேன். அதுதான் நான் அந்த நாற்காலியை விட்டு எழுந்த கடைசி முறை. பிறகு எழுவதற்கு, உட்காரவே கிடைக்கவில்லை. ஒரே வாரத்தில் பூண்டு என் மடிக்கு வந்துவிட்டது.

அக்கா நர்சரி ஸ்கூலில் டீச்சராக இருந்தாள். பிள்ளைகளோடு பழகிய பொறுமையோ என்னவோ, செத்தால் கத்த மாட்டாள். "ம்" என்பாள். எதனால் செத்தோம் என்று கொஞ்ச நேரம் யோசிப்பாள். நான் செத்தால் கீபோர்டு மட்டம், கம்ப்யூட்டர் மட்டம், அரசாங்கமே மட்டம். நல்ல ஆட்டக்காரர்களுக்கும் நமக்கும் வித்தியாசம் விரலில் இல்லை, அந்த "ம்"மில்தான் இருக்கிறது.

திட்டக்குடியில் உரக்கடை வைத்திருந்த மாப்பிள்ளைக்கு அக்காவைப் பேசி முடித்தார்கள். ஸ்கூல் வேலையை விடச் சொன்னார்கள், விட்டாள். இனி மூன்று ஞாயிறு பூசையில் மூன்று ஓலை. இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் பங்குச் சாமியாரிடம் சொல்ல வேண்டும் என்று வாசிப்பார்கள். மூன்றாவது ஓலை படித்த மறுநாள் சொந்தக்காரர்கள் வந்து இறங்குவார்கள். பின்னறை பட்சண அறையாகிவிடும். கம்ப்யூட்டர் மூட்டை கட்டிப் பரணுக்குப் போகும்.

"மூணாவது ஓலைக்குள்ள கோட்டைய முடிச்சிடணும்டா" என்றாள் அக்கா.

"முடியலன்னா அங்க போயி..."

"அங்க போயி மாமியார்கிட்ட என்னான்னு சொல்றது? எங்க வூட்டுக் கோட்டைல ஒரு ஆள விட்டுட்டு வந்துட்டேன், கூட்டியாரணும்னா?"

சிரித்தாள். நானும் சிரித்தேன். இரண்டு சிரிப்பும் பாதியில் நின்றுவிட்டன. ஸ்கூலை விட்டாயிற்று, இதுவும் பாதியில் போனால் அவளுக்கென்று முடித்ததாக ஒன்றும் இருக்காது என்று அவள் சொல்லவில்லை. கடைசி வாசலுக்கு முந்தின கிணற்றில் தண்ணீர் குடிக்கும்போது அவள் கால்விரல்கள் தரையில் மடங்கி இருந்ததை நான் பார்த்தேன்.

முதல் ஓலை படித்த மறுநாள் காலையில் அப்பா என்னைக் கூப்பிட்டார். அப்பா செராமிக் தொழிற்பேட்டையில் பீஸ் கட்டை செய்கிற யூனிட்டில் மேஸ்திரி. மீட்டர் பெட்டியில் கம்பி கோத்துச் செருகுவோமே, அந்த வெள்ளைப் பீங்கான் கட்டை.

"கல்யாண வூட்ல ஒரு துரும்ப எடுத்துப் போடறதில்ல. எந்நேரமும் அந்தப் பொட்டி முன்னாடியே குந்திகினு இருக்க."

அக்கா துணி மடித்துக்கொண்டே சொன்னாள்: "ஆமாம்பா. நானும் சொல்லிக்கிட்டேதான் இருக்கேன்."

அப்பா எழுந்தார். பின்னறைக்குப் போகிற லைனின் பீஸ் கட்டையைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மொபெட்டை உதைத்துக் கிளம்பிவிட்டார்.

வேறு எந்த ஊராக இருந்தாலும் அதோடு அந்த வீடு அடங்கியிருக்கும். எங்கள் வீட்டில் பீஸ் கட்டை இல்லாத இடம் எது என்றுதான் தேட வேண்டும். சூளையில் லேசாகக் கோணிப்போனவை, மெருகு திட்டுத்திட்டாக நின்றவை என்று கழித்துப் போட்டதையெல்லாம் அப்பாவே சாக்கில் கொண்டுவந்து போட்டிருந்தார். வடகம் காயும் துணிக்கு நாலு மூலையிலும் பீஸ் கட்டை. காற்றில் கதவு அடிக்காமல் இருக்கப் பீஸ் கட்டை. ஆடுகிற பீரோவின் காலுக்கு அடியில் பீஸ் கட்டை. பொழுதன்றைக்கும் பீஸ் கட்டை நடுவிலேயே நிற்கிற மனுஷர், உலகத்தில் ஒரே ஒரு பீஸ் கட்டைதான் இருக்கிறது, அதுவும் தன் சட்டைப் பையில் இருக்கிறது என்று நம்பி வேலைக்குப் போனார்.

அம்மா பத்திரிகை வேலை, தையல்காரர் வேலை என்று வெளியே கிளம்புவார். நான் வடகத் துணியிலிருந்து ஒரு கட்டையை எடுத்துக் கம்பி கோத்துச் செருகுவேன். பின்னறையில் விசிறி முனகிக்கொண்டு எழுந்திருக்கும். சாயங்காலம் மொபெட் சத்தம் தெருமுனையில் கேட்டதும் பிடுங்கிக்கொண்டு போய் வடகத்து மேல் வைத்துவிடுவேன். தெருவில் அந்த ரக மொபெட் பலபேரிடம் இருந்தது. எல்லாச் சத்தத்துக்கும் என் குலை நடுங்கும். எத்தனையோ திகில் கேம் ஆடியிருக்கிறேன், பேய் பின்னாலேயே வரும். அந்த மொபெட் சத்தத்துக்கு ஈடான பின்னணி இசையை எவனும் போட்டதில்லை.

கடைசி வாசல் காவல்காரன் கேடயத்தோடு மலை மாதிரி நின்றான். அக்கா போனாள், செத்தாள், "ம்" என்றாள். மறுபடி போனாள். இரண்டாவது ஓலையும் படித்தாகிவிட்டது. அவன் அசையவில்லை.

என்னிடம் ஒரு வழி இருந்தது. சில எழுத்துகளை அமுக்கினால் நம் ஆள் சாகவே மாட்டான் என்று பிரவுசிங் சென்டரில் ஒருவன் காட்டிக்கொடுத்திருந்தான். இந்தக் குறுக்குவழிகளைப் பற்றி எனக்குப் பெரிய கொள்கையெல்லாம் கிடையாது. காட்டினால் பயன்படுத்துவேன். அக்காவிடம் மெதுவாகச் சொன்னேன்.

திரும்பிப் பார்த்தாள். "நீ பரீட்சைல பிட்டு வச்சது எனக்குத் தெரியும்டா. பாஸான சந்தோஷம் இருந்துச்சா?"

"இருந்துச்சே."

"ஒனக்கு இருக்கும்" என்று திரும்பிக்கொண்டாள்.

அந்த வாரத்தின் நடுவில் ஒரு மத்தியானம். அம்மா வீட்டில் இல்லை. அக்கா அன்றைக்கு வேறு மாதிரி ஆடினாள். காவல்காரனின் உயிர்க்கோடு நகக்கண் அளவுக்குத் தேய்ந்துவிட்டது. இன்னும் நாலு அடி. நான் விசிறியைக்கூடப் பார்க்காமல் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் வாசலில் குரல் கேட்டது.

"வூட்ல யாரும் இல்லீங்களா?"

எட்டிப் பார்த்தால் மாப்பிள்ளை. உர மூட்டைப் படம் போட்ட பை, அதில் சுருட்டிய தாள். பின்னறைக்குக் கேட்கிற மாதிரிக் கத்தினேன்.

"வாங்க மாமா! மாமா வந்திருக்காங்க! மாமா, வாங்க!"

"ஒரு நிமிஷம்!" என்று உள்ளேயிருந்து பதில் வந்தது. கல்யாணப் பெண் பேசுகிற குரல் அல்ல அது. எங்கள் தெருக் குழாயடியில்கூட அப்படி ஒரு குரலை நான் கேட்டதில்லை.

"பத்திரிகை அடிச்சுப் பாக்கக் குடுத்தாங்க மச்சான். எழுத்து பேரெல்லாம் சரியாருக்கான்னு ஒரு தடவ பாத்துட்டா..." என்று உட்கார்ந்தார். உள்ளே வாள் மோதியது.

"உள்ள ஏதோ வேல நடக்குதா?"

"பாத்திரம் தொலக்குறாங்க மாமா."

உள்ளே காவல்காரன் ரஷ்ய மொழியில் அலறினான். அது ரஷ்ய மொழி என்பதே எனக்குப் பல வருஷம் கழித்துத்தான் தெரியும்.

"ரேடியோ" என்றேன், அவர் கேட்பதற்கு முன்பே.

தண்ணீர் கேட்டார். நான் சமையலறைக்குப் போய்ச் சொம்போடு திரும்பினால் நாற்காலி காலி. அவர் பின்னறை வாசலில் நின்றுகொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் சொம்போடு நான். எங்கள் இருவருக்கும் முதுகு காட்டிக்கொண்டு, கொண்டை அவிழ்ந்து, பல்லைக் கடித்துக்கொண்டு அக்கா. திரையில் காவல்காரன் தள்ளாடினான். ஓர் அடி. ஒரே ஓர் அடி.

விசிறி மெல்லச் சுற்றி நின்றது. திரை ஒரு புள்ளியாகச் சுருங்கி அணைந்தது.

வடகத்துக் கட்டை எரிந்துவிட்டதோ என்று மீட்டர் பெட்டிக்கு ஓடினேன். இல்லை, தெருவுக்கே கரண்டு இல்லை. திரும்பி வந்தபோது அக்கா இன்னும் அந்தக் கறுப்புத் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போச்சு" என்றாள். திரும்பினாள். மாப்பிள்ளையைப் பார்த்தாள். எழுந்து நின்று முந்தானையை இழுத்துக்கொண்டாள்.

"கரண்டா?" என்றார் அவர்.

"ம்."

"திரும்ப எங்கேர்ந்து ஆரம்பிக்கணும்?"

"கெணத்துலேர்ந்து."

ஏதோ புரிந்த மாதிரித் தலையாட்டினார். தாளை நீட்டினார். அக்கா அதில் ஓர் எழுத்தைத் திருத்தினாள். அவர் தாளைச் சுருட்டிக்கொண்டே சுவரைப் பார்த்துச் சொன்னார்:

"திட்டக்குடிலயும் இப்டித்தாங்க போவுது கரண்டு. கடைக்கு இன்வெர்ட்டர் போட்ருக்கோம். மாடி வூட்டுக்கும் ஒரு லைன் இழுத்திருக்குது. போயிட்டு வரேங்க."

போய்விட்டார். எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. பெண் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், பாத்திரம் தொலக்குகிறாள் என்று தம்பி பொய் சொல்கிறான், அந்த மனுஷர் கோபத்தை விழுங்கிக்கொண்டு இன்வெர்ட்டர் பெருமை பேசிவிட்டுப் போகிறார். வீட்டில் போய் என்ன சொல்வார்? "பொண்ணு கத்தி சண்ட போடுதும்மா" என்பாரா? அக்காவிடம் கேட்டேன். அவள் பூண்டை எடுத்து உரிக்க ஆரம்பித்தாள். ஆடவே இல்லை. அது இன்னும் பயமாக இருந்தது. மறுநாளும் ஆடவில்லை. "ஆடேன்க்கா, நாளு இல்ல" என்று நான்தான் கெஞ்சினேன். உட்கார்ந்தாள், கரண்டு இல்லை. இருந்தபோது பெரியம்மா வந்துவிட்டார்.

மூன்றாவது ஞாயிறு. சாமியார் ஓலையை வாசித்தார். தடை ஏதும் தெரிந்தவர்கள் என்ற இடத்தில் வழக்கம்போல ஒரு மூச்சு நிறுத்தினார். அந்த ஒரு மூச்சில் நான் வியர்வையில் நனைந்துபோனேன். ஆண்கள் பக்கத்தில் யாரோ இருமினார்கள். அவ்வளவுதான், எழுந்து நின்று ரேடியோ, பாத்திரம் எல்லாவற்றையும் சொல்லப்போகிறார்கள் என்று கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது காணிக்கைப் பாட்டு பாடிக்கொண்டிருந்தார்கள். பெண்கள் பக்கத்தில் முக்காடு போட்டு நின்ற அக்காவின் உதடு அசையவில்லை. மூன்று ஓலையும் முடிந்துவிட்டது. கோட்டை முடியவில்லை.

அன்று சாயங்காலம் சாப்பிடும்போது அக்கா பேசினாள்.

"அப்பா, பீரோ கட்டிலோட அந்தக் கம்ப்யூட்டரையும் குடுத்து அனுப்பிடுங்க."

எனக்கு விக்கியது.

"அது எதுக்கும்மா அங்க?"

"இங்க இருந்தா தம்பி உருப்படுவானா? நீங்க பீஸ் கட்டைய எடுத்துட்டுப் போறீங்க. இவன் வடகத்து மேல இருக்கிறத எடுத்துச் சொருவிட்டு ஆடுறான்."

அப்பா என்னைப் பார்த்தார். சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தார். பிறகு கொல்லைப் பக்கம் சாக்கு இருக்கும் திசையைப் பார்த்தார். அந்த முகத்தை நான் இன்றுவரை மறக்கவில்லை.

"அடப்பாவி" என்றார். பிறகு அக்காவைக் கையால் காட்டி என்னிடம் சொன்னார். "கல்யாணமாயி போற நேரத்துலயும் ஒன்னப் பத்தியே நெனைக்கிறாடா. பொறுப்புன்னா இது."

"சம்பந்தி வூட்ல என்னா நெனைப்பாங்க?" என்றார் அம்மா.

"கடைக்கு ஆவும், குடுத்தா எடுத்துட்டு வாங்கன்னு சொன்னாங்க."

"யாரு சொன்னாங்க? எப்ப?"

அக்கா தட்டைப் பார்த்துக்கொண்டு சோற்றைப் பிசைந்தாள். எனக்கு அப்போதுதான் இன்வெர்ட்டர் புரிந்தது. மாடி வூட்டுக்கு ஒரு லைன் இழுத்திருக்குது என்று ஒரு மனுஷர் அப்பாவியாகச் சுவரைப் பார்த்துச் சொன்னால், எதிரில் நிற்கும் இரண்டு பேரில் ஒருத்திக்கு மட்டும் கேட்கும் போலிருக்கிறது.

கல்யாணம் நடந்தது. வேனில் பீரோ, கட்டில், ஜமுக்காளத்தில் சுற்றிய கம்ப்யூட்டர் எல்லாம் ஏறின. அக்கா அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதாள். நான் வேனைப் பார்த்து அழுதேன். "அக்கா மேல எவ்ளோ பாசம் பாரு" என்று பெரியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அதன்பிறகுதான் உண்மையான கவலை வந்தது. புது மருமகள். மாமியார், மாமனார், கடைக்கு வருகிறவர்கள், போகிறவர்கள். உட்கார விடுவார்களா? உட்கார்ந்தால் என்ன நினைப்பார்கள்? போனில் பேசுவாள்; சுற்றிலும் ஆட்கள் இருப்பது குரலிலேயே தெரியும்.

"நல்லாருக்கேன்டா. அம்மா சாப்ட்டாங்களா?"

"மத்ததெல்லாம்?"

"மத்ததெல்லாம் அப்டியேதான் இருக்குது."

அப்படியே என்றால் கிணற்றடியிலா, ஜமுக்காளத்துக்குள்ளா? எப்படிக் கேட்பது? அம்மா பக்கத்தில் நின்றுகொண்டு போனைப் பிடுங்குவார்.

முறுக்கு டின்னோடு திட்டக்குடிக்குப் பஸ் ஏறினேன். மாடியில் ஹாலின் மூலையில் கம்ப்யூட்டர் இருந்தது. மேலே பூ வேலை செய்த துணி. துணிக்கு மேல் ஒரு மாதா சொரூபம், இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் பூ. எனக்குப் பாதி உயிர் போய்விட்டது. ஒரு பொருளுக்கு மேல் சொரூபம் ஏறிவிட்டால் அது பீடம்தான், அதன்பிறகு யாரும் தொட மாட்டார்கள்.

"தூசி படும்னு மூடி வச்சிருக்குது தம்பி. குந்துங்க, காபி எடுத்தாரேன்" என்று அக்காவின் மாமியார் உள்ளே போனார்.

துக்கம் விசாரிக்கிற மாதிரிப் பக்கத்தில் போய் மானிட்டரின் முதுகில் கை வைத்தேன். சுட்டது. இப்போதுதான் அணைத்த சூடு. மாதாவை மரியாதையோடு பார்த்தேன். அவர் எதையும் காட்டிக்கொள்ளவில்லை.

சாப்பாடு போடும்போது அக்கா குனிந்தாள். மெதுவாகக் கேட்டேன்.

"முடிச்சிட்டியா?"

"ம்" என்றாள். இது அந்தப் பழைய "ம்" அல்ல. கன்னத்தில் குழி விழுந்தது.

"எப்ப?"

"போன வாரம். மத்தியானம். கரண்டு போச்சு, ஃபேனு ஓடுச்சு, பொட்டியும் ஓடுச்சு."

"கதவு தொறந்துதா? உள்ள என்னா இருக்குது? அந்தாளு என்னா ஆனான்?"

"அதெல்லாம் சொல்ல முடியாது. நீயே ஆடித் தெரிஞ்சிக்க."

"எதுல ஆடுறது? தூக்கிட்டு வந்துட்டியே!"

"அது ஒன் பிரச்சன" என்று ரசத்தை ஊற்றிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

முடிவை முன்கூட்டியே சொல்லிக் கெடுக்கிறவர்களை ஆட்டக்காரர்கள் எல்லோரும் திட்டுவார்கள். முடிவைத் தெரிந்துவைத்துக்கொண்டு சொல்லாமல் இருக்கிறவர்களைத் திட்டுவதற்கு இன்னும் சரியான வார்த்தை வரவில்லை. கடையிலிருந்து மாமா சாப்பிட வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். நான் அவர் பக்கம் நகர்ந்தேன்.

"மாமா, கடைசி வாசலுக்கு அப்பறம் என்னா வருது?"

மாமா சமையலறையை ஒரு தடவை எட்டிப் பார்த்தார். சோற்றைப் பிசைந்துகொண்டே குரலைத் தாழ்த்தினார்.

"சொல்லக் கூடாதுன்னு உத்தரவு மச்சான். எனக்கு இந்த வூட்லதான் சோறு."